‘ஆர்கானிக்’ என்ற சொல்லை எடுத்துவிட்ட தேன்: மாத்தூரில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மாத்தூர், மாதவரம் பால்பண்ணை, மணலி ஆகிய பகுதிகளில் வீட்டு மாடியிலும் தோட்டத்திலும் தேனீ வளர்ப்பவர்கள் கூப்பிடும்போது போய்ப் பெட்டி பார்த்துத் தருவதை நானும் இரண்டு நண்பர்களும் சில ஆண்டுகளாகச் செய்துவருகிறோம். இங்கே பதிவு செய்வது அவ்வாறு பார்த்த ஒரு குடும்பத்தின் இரண்டு ஆண்டு அனுபவம். அவர்களுடைய இசைவோடு எழுதுகிறேன். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

பெட்டிகளுக்கு உரியவர் ஒரு பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாடியில் கீரையும் கத்தரியும் வளர்த்துவந்த அவர், பிஞ்சு பிடிக்கத் தேனீ வேண்டும் என்று கேள்விப்பட்டு, மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து நான்கு இந்தியத் தேனீக் குடும்பங்களை நியூட்டன் வகைச் சிறு மரப்பெட்டிகளோடு வரவழைத்திருந்தார். முதல் ஆண்டில் நான்கு பெட்டிகளிலிருந்தும் சேர்த்து ஒன்பது கிலோ அளவுக்குத் தேன் கிடைத்தது. வேம்பும் புங்கையும் பூக்கும் மாசி, பங்குனி, சித்திரை மாதங்களில்தான் அதில் பெரும்பகுதி வந்தது. உறவினருக்குக் கொடுத்தது போக மீதியைக் காலை நடைப்பயிற்சிக்கு வரும் நண்பர்களுக்கு விற்றார். அவருடைய மகன் கைபேசியிலேயே வடிவமைத்துக் கொடுத்த சீட்டில் ‘100% ஆர்கானிக் தேன்’ என்று பச்சை எழுத்தில் இருந்தது.

பெரம்பூரில் ஒரு கடைக்காரர் மாதம் பத்துப் புட்டி எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, அதற்கான சான்றிதழ் எங்கே என்று கேட்டபோதுதான் சிக்கல் தொடங்கியது. என்னை அழைத்து அவர் கேட்ட முதல் கேள்வியை அப்படியே எழுதுகிறேன்: “தம்பி, பெட்டி பக்கம் ஒரு சொட்டு மருந்து அடிச்சது கிடையாது. தேன்ல ஒரு துளி பாகு கலந்தது கிடையாது. அப்புறம் ஏன் ஆர்கானிக்னு போடக் கூடாது?”

நேர்மையாக வேலை செய்கிற ஒருவருடைய நேர்மையான கேள்வி அது. விதிப்புத்தகத்தைக் காட்டி வாயை மூடிவிடக் கூடாது என்று நினைத்தேன். முதலில் பெட்டிகளைப் பார்க்கிறேன், பிறகு சுற்றுப்புறத்தைப் பார்க்கிறேன், அதன் பிறகு சொல்லைப் பற்றிப் பேசலாம் என்று சொன்னேன்.

பெட்டிகளில் கண்டவை

முதல் பெட்டியின் மூடியைத் தூக்கியதும் தேன் மணத்துக்கு முன்னால் துணி அலமாரியின் மணம் வந்தது. மூடிக்கு அடியில், பழைய வேட்டித் துணியில் முடிந்த இரண்டு அந்துருண்டைகள் இருந்தன. மெழுகு அந்துப்பூச்சி வராமல் இருக்க விற்பனையாளர் சொல்லிக்கொடுத்த வழி அது என்றார். அதை அவர் மருந்தாகவே நினைக்கவில்லை. துணிக்கு வைக்கிற பொருள்தானே என்பது அவருடைய எண்ணம். அந்துருண்டையில் உள்ள நாப்தலினின் ஆவி மெழுகில் ஏறித் தங்கும். மெழுகிலிருந்து தேனுக்கும் இறங்கும். அங்கக (ஆர்கானிக்) முறையில் மட்டுமல்ல, எந்த முறையிலும் தேனீப் பெட்டிக்குள் வைக்கக் கூடாத பொருள் அது.

பெட்டிகள் நின்ற தாங்கிகளின் கால்களைச் சுற்றி எறும்புச் சாக்பீஸால் வெள்ளை வளையம் போடப்பட்டிருந்தது. அந்தச் சாக்பீஸ் பூச்சிக்கொல்லி கலந்தது. தேனீ அதன்மேல் உட்காராவிட்டாலும், மாடித் தரையில் விழுந்து ஊர்ந்து வரும் தேனீக்கள் அதைக் கடந்துதான் வரும். பெட்டியின் வெளிப்புறத்தில் மட்டுமின்றி உட்சுவரிலும் எனாமல் பெயின்ட் பூசப்பட்டிருந்தது. புகைமூட்டியில் எரிக்கத் தேங்காய் நாரோடு சாயம் போட்ட சாக்குத் துண்டுகளும் வைத்திருந்தார்.

ஐப்பசி முதல் தை வரை வாரம் ஒரு முறை சர்க்கரைப் பாகு கொடுத்துவந்ததாகச் சொன்னார். தேனில் பாகு கலக்கவில்லை என்று அவர் சொன்னது உண்மை. ஆனால் தை மாதம் முழுவதும் பாகு குடித்த தேனீ அதில் ஒரு பகுதியை அடையில் சேர்த்துவைத்திருக்கும். மாசியில் எடுத்த முதல் தேனில் அதுவும் சேர்ந்தே வந்திருக்கும். இதைச் சொன்னபோது அவர் முகம் வாடியது. அதுவரை வாங்கியவர்களிடம் தவறாகச் சொல்லிவிட்டோமே என்ற வருத்தம் அது. அந்த வருத்தத்தைப் பார்த்த பிறகுதான் இந்தக் குடும்பத்தோடு தொடர்ந்து வேலை செய்யலாம் என்று எனக்குத் தோன்றியது.

நல்லவையும் இருந்தன. ராணியின் இறகை வெட்டவில்லை. புழு அறையில் உள்ள அடைகளைத் தொடாமல் மேல் அறையில் மட்டும் தேன் எடுத்திருந்தார். அடையைப் பிழியாமல், கண்ணறைகளின் மெழுகு மூடியைச் சீவிக் கையால் சுற்றும் கருவியில் எடுத்திருந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, அவருடைய மனைவி ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு எழுதிவைத்திருந்தார். ‘2ஆம் பெட்டி, மூணு அடை புழு, ராணி பார்த்தேன்’ என்பது போன்ற சிறு வரிகள். சான்றளிப்பு என்றால் என்னவென்றே கேள்விப்படாத ஒருவர், சான்றளிப்பவர் முதலில் கேட்கிற பதிவேட்டைத் தாமாகவே தொடங்கியிருந்தார்.

மூன்று கிலோமீட்டர் வட்டம்

பெட்டிக்குள் இருந்த தவறுகள் எல்லாம் திருத்தக்கூடியவை. திருத்த முடியாதது பெட்டி நின்ற இடம்.

மாடு எங்கே மேய்கிறது என்பதை வேலி போட்டு முடிவு செய்யலாம். தேனீயை அப்படிச் செய்ய முடியாது. அதனால் அங்கக விதிகள் தேனீ விஷயத்தில், வளர்ப்பவர் என்ன செய்கிறார் என்பதோடு தேனீ எங்கே போய் வருகிறது என்பதையும் சேர்த்தே பார்க்கின்றன. 2001 முதல் நடைமுறையில் உள்ள நம் நாட்டின் தேசிய அங்கக உற்பத்தித் திட்டம், பெட்டிகள் அங்கக முறையில் சாகுபடியாகும் வயல்களிலோ இயற்கையான காட்டுப் பகுதிகளிலோ இருக்க வேண்டும், வேதிப் பூச்சிக்கொல்லி பயன்படும் இடங்களுக்கு அருகில் இருக்கக் கூடாது என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி, பெட்டியைச் சுற்றி மூன்று கிலோமீட்டர் ஆரத்துக்குள் உள்ள பூக்களைக் கணக்கில் எடுக்கிறது. அவர்கள் 1999இல் வகுத்த விதியில், எவற்றிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்று ஒரு பட்டியலே இருந்தது: நகர மையங்கள், நெடுஞ்சாலைகள், தொழிற்பகுதிகள், குப்பைமேடுகள், குப்பை எரி உலைகள்.

கைபேசி வரைபடத்தில் அவர் வீட்டை நடுவில் வைத்து அந்த வட்டத்தைப் போட்டுக் காட்டினேன். கிழக்கே மணலியின் தொழிற்சாலைகள் உள்ளே வந்தன. நாள் முழுவதும் கன்டெய்னர் லாரிகள் போகும் 200 அடி சாலை வட்டத்தைக் குறுக்கே வெட்டியது. கொடுங்கையூர் குப்பைக்கிடங்கு வட்டத்துக்குச் சற்று வெளியே தெற்கில் இருந்தது. இத்தனைக்கும் நடுவே வட்டம் முழுக்க வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் செடிக்கும் கொசுவுக்கும் எறும்புக்கும் என்ன அடிக்கிறார்கள் என்பது யாருக்கும் தெரியாது.

அவர் உடனே ஒரு வாதம் வைத்தார். அது சரியான வாதம். இந்தியத் தேனீ இத்தாலியத் தேனீயைப் போல நெடுந்தூரம் போகாது, ஒன்றரை கிலோமீட்டருக்குள்தானே பெரும்பாலும் சுற்றும் என்று கேட்டார். உண்மைதான். மூன்று கிலோமீட்டர் என்ற அளவு இத்தாலியத் தேனீயை வளர்க்கும் நாடுகளில் பிறந்தது. ஒன்றரை கிலோமீட்டராகச் சுருக்கி மறுபடி வட்டம் போட்டோம். தொழிற்சாலைகள் வெளியே போயின. சாலை போகவில்லை, வீடுகளும் போகவில்லை. காற்றில் வருவதும் வட்டம் பார்த்து நிற்பதில்லை. மாடியில் காயப்போட்ட வெள்ளைத் துணியில் கரித்தூள் படிவது மாத்தூர், மணலி வாசிகளுக்குப் புதிதல்ல.

அப்படியானால் தேனை ஆய்வகத்துக்கு அனுப்பி, எதுவும் இல்லை என்று அறிக்கை வந்தால் போட்டுக்கொள்ளலாமா என்று மகன் கேட்டார். பலரும் தவறாகப் புரிந்துகொள்கிற இடம் இது. அங்ககம் என்பது புட்டியில் உள்ள பொருளைச் சோதித்து வழங்குகிற பட்டம் அல்ல. இடத்தையும் வளர்ப்பு முறையையும் பதிவேட்டையும் ஆண்டுதோறும் நேரில் பார்த்துத் தருகிற சான்று. ஆய்வக அறிக்கை அந்த ஒரு புட்டியைப் பற்றி மட்டுமே பேசும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவை அன்று மாலையே அவர்கள் எடுத்தார்கள். சீட்டிலிருந்து ‘ஆர்கானிக்’ என்ற சொல்லை எடுப்பது. இதில் சட்டமும் இருக்கிறது. 2017இல் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் கொண்டுவந்த அங்கக உணவு விதிமுறைகளின்படி, அங்கக உணவு என்று சொல்லி விற்பவர் தேசியத் திட்டத்தின் கீழோ, விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவரையொருவர் சரிபார்க்கும் பங்கேற்பு உறுதித் திட்டத்தின் கீழோ சான்று பெற்றிருக்க வேண்டும். தாமே விளைவித்ததை நுகர்வோருக்கு நேரடியாக விற்கும் சிறு உற்பத்தியாளர்களுக்கு அந்த விதிமுறைகள் சான்றிதழில் தளர்வு அளித்தன. அந்தத் தளர்வைக் காட்டி, நண்பர்களுக்கு விற்பதிலாவது அந்தச் சொல்லை வைத்துக்கொள்ளலாம் என்று மகன் கருதினார். நான் உடன்படவில்லை. தளர்வு சான்றிதழ் வாங்கும் வேலைக்குத்தான், தரத்துக்கு அல்ல. தரத்தை எட்டாத தேனுக்குத் தளர்வு எப்படிப் பொருந்தும்?

‘ஆர்கானிக்’ என்பதற்குப் பதிலாக ‘இயற்கைத் தேன்’ என்று போடலாமா என்ற பேச்சும் வந்தது. தமிழில் இது கொஞ்சம் சங்கடமான இடம். அரசுத் துறை ‘அங்ககம்’ என்கிறது, கடைத்தெரு ‘ஆர்கானிக்’ என்கிறது, மக்கள் இரண்டையும் ‘இயற்கை’ என்கிறார்கள். வாங்குபவர் எந்தப் பொருளில் படிப்பார் என்று தெரிந்துகொண்டே வேறு சொல்லுக்குள் ஒளிந்துகொள்வது சரியில்லை என்று அந்த அம்மா சொல்லிவிட்டார். புதிய சீட்டில் ‘மாத்தூர் மாடித் தேன்’ என்ற பெயர், தேன் எடுத்த மாதம், அப்போது பூத்திருந்த மரங்கள், ‘பெட்டிக்குள் எந்த வேதிப்பொருளும் வைப்பதில்லை’ என்ற ஒரு வரி ஆகியவை மட்டும் இடம்பெற்றன. அந்த ஒரு வரியையும் உடனே போடவில்லை. முறைகளை மாற்றி ஓராண்டு முடிந்த பிறகே போடுவது என்று வைத்துக்கொண்டோம். அங்கக விதிகளும் தேனீக்கு ஓராண்டு மாற்றக் காலம் வைக்கின்றன. அதற்குள் பழைய மெழுகை மாற்றிவிட வேண்டும் என்கின்றன.

இரண்டாவது முடிவு, சான்று கிடைக்காது என்று தெரிந்தும் அங்கக முறைகளை முழுமையாகக் கைக்கொள்வது. கிடைக்காத சான்றுக்காக ஏன் இவ்வளவு உழைக்க வேண்டும் என்ற கேள்வி குடும்பத்திலேயே எழுந்தது. என் பதில் எளியது. சுற்றுப்புறத்திலிருந்து வருவதை நாம் தடுக்க முடியாத இடத்தில், நம் கையால் சேர்ப்பதையாவது ஒன்றுமில்லாமல் செய்துவிட்டால் தேனீக்குச் சுமை குறையும்.

மாற்றங்களில் அதிக உழைப்பை வாங்கியது மெழுகுதான். அந்துருண்டை ஆவி ஏறிய அடைகளை ஒரே நாளில் எடுத்தால் தேனீ ஓடிப்போய்விடும். இந்தியத் தேனீக்கு அந்தக் குணம் அதிகம். அதனால் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒரு முறை, ஓரத்தில் இருந்த ஓர் அடையை எடுத்துவிட்டு, அடை கட்டுவதற்கான வெற்று மரச்சட்டம் வைத்தோம். சட்டத்தின் மேற்கட்டையில், எனக்குத் தெரிந்த மலையோரக் கூடு ஒன்றிலிருந்து எடுத்த மெழுகை விரல் அகலத்துக்குத் தடவிக் கொடுத்தோம். அச்சடித்த மெழுகுத் தாள் வாங்கவில்லை, ஏனென்றால் கடைத் தாளில் எந்த மெழுகு எங்கிருந்து வந்து கலந்தது என்று தெரியாது. இந்தியத் தேனீ புது அடை கட்ட விரும்பும் இனம். தேன் வரத்து இருந்த நாட்களில் ஒரு வாரத்துக்குள் வெள்ளை வெளேரென்று புது அடை கீழே இறங்கியது. கழித்த அடைகளை உருக்கிக் கிடைத்த மெழுகைத் தேனீப் பக்கம் மறுபடி கொண்டுவரவில்லை.

அந்துப்பூச்சிக்கு அந்துருண்டையின் இடத்தில் வேறு பொருள் எதையும் வைக்கவில்லை. தேனீக்கள் மூடி உட்காரக்கூடிய அளவுக்கு மட்டுமே பெட்டிக்குள் அடைகளை விட்டோம். மீதி நல்ல அடைகளைச் செய்தித்தாளில் சுற்றி வீட்டுக் குளிர்பெட்டியின் உறைய வைக்கும் அறையில் இரண்டு நாள் வைத்து, பிறகு இறுக மூடிய டப்பாவில் போட்டார்கள். அடிப்பலகையில் சேரும் மெழுகுத் துகளைச் சனிக்கிழமைதோறும் துடைக்கும் பொறுப்பை அந்த அம்மா ஏற்றுக்கொண்டார். அந்துப்பூச்சியின் புழு வளர்வது அந்தக் குப்பையில்தான்.

எறும்புக்குத் தாங்கிக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவது வழக்கமான முறை. சென்னையில் அதில் ஓர் இடர் உண்டு: தேங்கிய தண்ணீரில் டெங்கு கொசு முட்டையிடும், மாடிக்கு ஆய்வுக்கு வரும் பணியாளர் அதைச் சரியாகவே கண்டிப்பார். அதனால் ஆமணக்கெண்ணெய் தோய்த்த துணியைக் கால்களில் சுற்றி, வாரம் ஒரு முறை மாற்றினார்கள். உட்புறப் பெயின்டைச் சுரண்டி, மரத்தை வெறுமையாக விட்டார்கள். சாயச் சாக்கு போயிற்று. நார் மட்டும் மிஞ்சியது.

உணவு பற்றிய முடிவு, மேல் அறையில் எடுப்பதைக் குறைப்பது. பூ முடியும் தறுவாயில் வரும் தேனைத் தேனீக்கே விட்டுவிட்டால் மழைக்காலப் பாகுத் தேவை பாதியாகக் குறையும். அப்படியும் பட்டினி என்றால் மட்டும் பாகு. கொடுத்த தேதியும் அளவும் நோட்டில் ஏற வேண்டும். பூ வரத்து தொடங்குவதற்குப் பதினைந்து நாள் முன்பே நிறுத்த வேண்டும். அந்தப் பதினைந்து நாள் கணக்கு ஐரோப்பிய ஒன்றியம் 1999இல் வகுத்த விதியில் இருந்தது.

ஊத்துக்கோட்டைப் பக்கம் ஒரு மாந்தோப்பு

பெட்டிகளை ஊத்துக்கோட்டைப் பக்கம் உறவினர் ஒருவருடைய மாந்தோப்புக்கு மாற்றினால் சான்று கிடைக்குமா என்று கேட்டார்கள். தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தோம். பார்க்கப் பச்சை, புகை இல்லை, இரைச்சல் இல்லை. ஆனால் மா பூத்திருந்த அந்த நேரத்தில்தான் தத்துப்பூச்சிக்கு மருந்து அடிக்கிறார்கள். பக்கத்துத் தோப்புக்காரர் அன்று காலைதான் அடித்து முடித்திருந்தார். சுற்றிலும் நெல்வயல்கள், அங்கும் மருந்து உண்டு. நகரத்துக்கு வெளியே என்பதாலேயே அங்கக இடம் ஆகிவிடாது என்பதை நேரில் பார்த்து அவர் சோர்ந்துபோனார். பூத்த மரத்தில் மருந்து அடிக்கும் இடத்துக்குக் கொண்டுபோய் வைப்பதைவிட மாத்தூரே தேனீக்குப் பாதுகாப்பு என்று முடிவு செய்து திரும்பினோம்.

மழைக்காலத்தில் நடந்தது

இரண்டாம் ஆண்டு கார்த்திகையில் ஒரு காலை, மூன்றாம் பெட்டிக்கு முன்னால் ஒரு படி அளவுக்குத் தேனீக்கள் செத்துக் கிடப்பதாக அழைப்பு வந்தது. போய்ப் பார்த்தபோது பெரும்பாலானவற்றின் நாக்கு முழுவதும் நீண்டு வெளியே வந்திருந்தது. சில உயிரோடு ஒரே இடத்தில் சுழன்றுகொண்டிருந்தன. நஞ்சு பட்டதற்கான அடையாளம் இது. பட்டினியால் செத்தவை அடைக் கண்ணறைக்குள் தலையை விட்டபடி கிடக்கும், இப்படிக் கிடக்காது.

முந்தைய நாள் மாலை தெருவில் கொசுப் புகை அடித்திருந்தார்கள். டெங்கு பரவும் மாதம் அது. தெருவில் இரண்டு குழந்தைகளுக்குக் காய்ச்சல். புகை அடித்ததைக் குறை சொல்ல எந்த நியாயமும் இல்லை. என்ன மருந்து என்று கேட்டபோது, பூவிலிருந்து எடுப்பது, தீங்கு இல்லாதது என்று பணியாளர் சொன்னார். அவர் சொன்னது பைரித்ரம். சாமந்தி இனப் பூவிலிருந்து எடுப்பது என்பது சரி. ஆனால் அது தேனீக்குக் கடுமையான நஞ்சு. செடியிலிருந்து வருவதெல்லாம் தேனீக்கு நல்லது என்று நினைப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். வேப்பெண்ணெய்க் கரைசலைக்கூடப் பூவின் மேல் அடிக்கக் கூடாது என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

எடுத்த நடவடிக்கை இரண்டு. புகை அடிக்கும் அணியில் இருந்தவரிடம் பெட்டிக்கு உரியவர் தம் கைபேசி எண்ணைக் கொடுத்து, இந்தத் தெருவுக்கு வரும் நாளில் ஒரு மணி நேரம் முன்பாகச் சொல்லச் சொன்னார். செய்தி வந்ததும் வாசல்களைக் கம்பி வலையால் மூடி, பெட்டியின் மேல் நனைத்த சாக்கைப் போட்டு, புகை கலைந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் திறந்துவிடுவார். அதற்கு மேல் மூடிவைத்தால் வெப்பத்திலேயே குடும்பம் அழிந்துவிடும். அந்தப் பருவத்தில் அழைப்பு மூன்று முறை வந்தது; ஒரு முறை வரவில்லை. வராத அந்த நாளிலும் சாவு இருந்தது, முதல் முறை அளவுக்கு இல்லை. மூன்றாம் பெட்டி மட்டும் தேறவில்லை. மார்கழியில் மீதமிருந்த தேனீக்கள் ராணியோடு கூட்டைவிட்டுப் போய்விட்டன.

புழுநோய்

தை பிறப்பதற்கு முன்பே அடுத்த சோதனை. நான்காம் பெட்டியில் சில கண்ணறைகளில் புழுக்கள் கூட்டுப்புழு ஆகாமல், தலை கறுத்து, படகு போல நிமிர்ந்து நின்றன. குச்சியால் ஒன்றை எடுத்தபோது தோல் கிழியாமல், உள்ளே நீர் நிறைந்த சிறு பையாக வந்தது. பைப்புழு நோய் என்று தெரிந்தது. 1990களின் தொடக்கத்தில் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் இந்தியத் தேனீக் குடும்பங்களில் மிகப் பெரும்பகுதியை அழித்த நோய் இது. மார்த்தாண்டம் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் அந்தக் காலத்தைக் கலக்கத்தோடுதான் சொல்வார்கள்.

பெட்டி விற்றவரைத் தொலைபேசியில் கேட்டபோது, டெட்ராசைக்ளின் மாத்திரையைப் பொடித்துப் பாகில் கலந்து கொடுக்கச் சொன்னார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பலரும் இதைச் செய்கிறார்கள். ஆனால் இந்த நோய் வைரஸால் வருவது. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து இதில் வேலை செய்யாது, தேனில் மட்டும் தங்கும். அங்கக விதி தடுக்கிறது என்பது இரண்டாவது காரணம்தான். பயனே இல்லை என்பது முதல் காரணம்.

மாறாக, நோய் கண்ட இரண்டு அடைகளை எடுத்து எரித்தோம். ராணியைச் சிறு கம்பிக் கூண்டில் மூன்று வாரம் அடைத்துவைத்து முட்டையிடுவதை நிறுத்தினோம். புதிய புழு இல்லாத அந்த இடைவெளியில் பணித் தேனீக்கள் கண்ணறைகளைச் சுத்தம் செய்துவிடும் என்பது கணக்கு. அந்தப் பெட்டிக்குத் தனி உளி, தனிக் கத்தி. மற்றப் பெட்டிகளை முதலில் பார்த்துவிட்டு இதைக் கடைசியில் திறப்பது. மூன்று வாரம் கழித்து ராணியை விட்டபோது கைப்பிடி அளவுத் தேனீக்களே மிஞ்சியிருந்தன. மாசியில் முதல் நல்ல புழு அடை தெரிந்தது. அந்த ஆண்டு அந்தப் பெட்டியிலிருந்து தேன் எடுக்கவில்லை.

அடுத்த தேன் காலம்

மிஞ்சிய மூன்றில் இரண்டு பெட்டிகளே தேன் தந்தன. பங்குனியில் முதல் முறை எடுக்கப் போனபோது ஈரப்பதமானி 22 காட்டியது. தர விதி 20 சதவீதத்துக்கு மிகக் கூடாது என்கிறது. கடற்கரைக் காற்றில் இந்தியத் தேனீத் தேன் இப்படித்தான் நீர்த்து வரும். சூடேற்றி வற்றவைக்கலாம் என்று யாரோ சொன்னதை ஏற்காமல், கண்ணறைகளில் பெரும்பாலானவை மெழுகால் மூடப்படும்வரை பன்னிரண்டு நாள் காத்திருந்தார்கள். சித்திரை முதல் வாரம் எடுத்தபோது 19.5 இருந்தது. மொத்தம் நாலே கால் கிலோ. முதல் ஆண்டில் பாதிகூட இல்லை.

பெரம்பூர்க் கடைக்காரர் அந்தச் சொல் இல்லாத தேன் தமக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பழைய வாடிக்கையாளர் சிலரும் விலகினார்கள். முந்தைய ஆண்டு வாங்கியவர்களிடம் அவர் நேரில் போய், சீட்டில் இருந்தது சரியில்லை, பாகும் கலந்திருக்க வாய்ப்பு உண்டு என்று சொல்லி, விரும்பியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். இரண்டு பேர் வாங்கிக்கொண்டார்கள். மற்றவர்கள் இரண்டாம் ஆண்டுத் தேனுக்குப் பெயர் சொல்லிவைத்தார்கள். நாலே கால் கிலோவும் நான்கு நாளில் தீர்ந்தது.

மீண்டும் செய்தால்

சான்று ஒரு பக்கம் இருக்க, ஈயம் போன்ற உலோகங்களுக்காவது தேனை ஒரு முறை சோதித்திருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். சான்றுக்கு அது உதவாது என்று மகனிடம் விளக்கியதோடு நான் நிறுத்திக்கொண்டேன். ஆனால் லாரிச் சாலைக்கும் தொழிற்சாலைக்கும் பக்கத்தில் எடுத்த தேனைக் குழந்தைகளும் சாப்பிடுகிறார்கள். சீட்டுக்கும் சான்றுக்கும் தொடர்பில்லாமல் அதைத் தெரிந்துகொள்வது எங்கள் கடமையாக இருந்தது. இந்த ஆண்டுத் தேனை விற்பதற்கு முன் அனுப்புவதாக முடிவாகியிருக்கிறது. செலவில் பாதியை எங்கள் குழு ஏற்கும்.

புகை அடிப்பவரோடு முதல் மழைக்கு முன்பே பேசியிருக்க வேண்டும். ஆவணியிலேயே அந்தத் தொடர்பை ஏற்படுத்தியிருந்தால் மூன்றாம் பெட்டி ஒருவேளை தங்கியிருக்கும். அடை மாற்றும் வேலையையும் புரட்டாசிவரை இழுத்தது தவறு. பூ வரத்து இருக்கும் காலத்துக்குள் முடித்திருந்தால் குடும்பங்கள் வலுவோடு மழையைச் சந்தித்திருக்கும், நான்காம் பெட்டியும் நோயை இன்னும் நன்றாகத் தாங்கியிருக்கலாம்.

புதிதாகப் பெட்டி வாங்க நினைப்பவர்களுக்கு நான் இப்போது முதலில் சொல்வது, தேனீயைப் பார்ப்பதற்கு முன் வட்டத்தைப் போட்டுப் பாருங்கள் என்பதுதான். சான்றுள்ள தேன் வேண்டுமென்றால் இடத்தைத் தேடுங்கள். மாடியில் தேனீ வேண்டுமென்றால் அந்தச் சொல்லை முதல் நாளே மறந்துவிடுங்கள்.

அவர் காலியான மூன்றாம் பெட்டியைக் கழுவி, வெயிலில் வைத்து, உட்புறத்தை நெருப்பால் வாட்டி எடுத்துவைத்திருக்கிறார். புதுக் குடும்பம் வெளியூரிலிருந்து வாங்கப்போவதில்லை. இரண்டாம் பெட்டி இந்தத் தை, மாசியில் பிரியும் அளவுக்குப் பெருகினால் அதிலிருந்தே பிரித்துக்கொள்வது என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த வரி அந்த அம்மாவின் மூன்றாவது நோட்டின் முதல் பக்கத்தில், தேதி போடாமல் இருக்கிறது.